சுண்ணாம்புக் கோடு

ஒரு குன்றின் வடக்கு வளையில் அண்ணன் நரியும் தெற்கு வளையில் தம்பி நரியும் குடியிருந்தன. தம்பிக்குக் கரும்புத் தோட்டம். அதில் மாடாய் உழைக்க ஒரு தாய்க்கழுதையும் அதன் குட்டியும். கூலியா? கழுத்துக் கயிறுதான் கூலி.

மேற்கே ஒரு புது மேடு கண்ணில் பட்டது.

"குட்டியை அங்கே ஓட்டிப்போய்த் தோட்டம் போடப்போறேன்" என்றது தம்பி.

"கழுதை அங்கே வரவே கூடாது. கூலியில்லாம உழைக்கிற கழுதை வந்துட்டா, அப்புறம் என் பிள்ளைகளுக்கு என்ன பிழைப்பு?" என்றது அண்ணன்.

தாய்க்கழுதை காதை நிமிர்த்தியது. தன்மேல் பரிதாபப்பட்டு யாரும் பேசவில்லை என்று அதற்குத் தெரியும். குட்டி பக்கத்தில் இருந்தால் போதும்.

"நீ கடிக்கிற கரும்பு யார் சுமந்தது அண்ணே? அது மட்டும் இனிக்குதோ?"

அண்ணன் அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டது. கடைசியில் மேட்டின் நடுவே சுண்ணாம்புக் கோடு கிழித்தன. தெற்குப் பாதியில் கழுதை வரலாம், வடக்கில் கூடாது. சுண்ணாம்பு மூட்டையைச் சுமந்தது தாய்க்கழுதைதான். அன்றைக்கே குட்டியைத் தெற்குப் பாதிக்கு ஓட்டிப்போனது தம்பி.

அடுத்து இன்னொரு மேடு. அதே சண்டை, அதே மூட்டை. மூன்றாவது மேட்டில் பேச்சு முற்றி, நரிகள் ஒன்றையொன்று கடித்துக் குதறின.

"நம்ம உறவே நாறிப்போச்சு! எல்லாம் இந்தக் கழுதையால!" என்று மூச்சு வாங்கியது தம்பி.

"அதைச் சொல்லு!" என்றது அண்ணன். வெகுகாலத்துக்குப் பிறகு இரண்டும் ஒத்துப்போன பேச்சு அது ஒன்றுதான்.

தாய்க்கழுதைக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. மூட்டையைச் சரித்துவிட்டு, குட்டி இருந்த பக்கம் மெல்ல நடந்தது. வழியில் கிடந்த கோடுகள் அதன் குளம்பு பட்டு அழிந்துகொண்டே போயின.