முந்தைய சுற்றுக் குதிரை

2023 செப்டம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தேகால் மணி. கரக்கோல் நகரக் கடைத்தெருவில், எர்னிஸின் விளையாட்டுப் பொருள் கடையில் எஞ்சியிருந்த ஒரே நல்ல யோகா பாயின் ஒரு முனை குல்பராவின் கையில் இருந்தது; மறுமுனை முன்பின் தெரியாத ஒருத்தியின் கையில் இருந்தது. இருவரும் புன்னகை செய்தார்கள். இருவரும் விடவில்லை.

குல்பராவுக்கு அந்தப் பாய் மறுநாள் காலைக்குள் வேண்டும். போன மாதக் கல்யாண விருந்தில், அவளுடைய ஓரகத்தி சோனுன், உறவுக்காரர் அத்தனை பேர் முன்னிலையிலும் குனிந்து கால் கட்டைவிரலைத் தொட்டுக் காட்டினாள். பிறகு, "நீ இதெல்லாம் பண்ணிப் பாக்காதேடி. உன் வயிறுதான் முதல்ல தரையைத் தொடும்" என்றாள்.

சோனுன் போகும் அதே ஏழு மணி யோகா வகுப்பில், அவளுக்குப் பக்கத்திலேயே பாய் விரிப்பது என்று குல்பரா அன்றே முடிவு செய்தாள். கலாசார மன்றத்துக் காவலாளியிடம் பெயரும் கொடுத்தாயிற்று.

"வேற பாயே இல்லையா தம்பி?" என்று எர்னிஸிடம் கேட்டாள் குல்பரா.

"இருக்கு அக்கா. ஒண்ணு குழந்தைங்களுக்கு, முயல் படம் போட்டது. இன்னொண்ணு காகிதம் மாதிரி. முட்டியை ஊன்றினா ஒரே வாரத்துல கிழிஞ்சுடும்."

மற்றவள் பாயைப் புரட்டினாள், அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள், முகர்ந்தும் பார்த்தாள். "நல்ல ரப்பர். மன்றத்து மாடியில பெயின்ட் அடிச்ச பலகைத் தரை. அதுல இது ஒண்ணுதான் வழுக்காம நிக்கும்."

இவளும் அதே வகுப்புக்குத்தான் வருகிறாள் என்று புரிந்ததும், குல்பரா தன் முனையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

விருந்தில் மூத்தவருக்கு உரிய ஆட்டுத்தலையை யார் முன்னால் வைப்பது என்று யோசிப்பவனைப் போல, எர்னிஸ் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "சண்டை எதுக்கு? யார் பெரியவங்களோ அவங்களுக்கு. நீங்க எந்த ஆண்டு அக்கா?"

"பாம்பு" என்றாள் மற்றவள். "ஐம்பத்தெட்டு முடிஞ்சுது."

ஆண்டுக்கு ஒரு விலங்கின் பெயர் வரும் பன்னிரண்டு ஆண்டுச் சுற்றில் பாம்புக்கு அடுத்தது குதிரை. குல்பரா பிறந்தது குதிரை ஆண்டில். ஒரே ஒரு வயதில் பாய் கைநழுவிப் போகிறது.

"நான் குதிரை."

"அப்போ நீங்க ஒரு வயசு சின்னவங்க."

"சின்னவளா?" குல்பரா இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு முனகல் முனகினாள். "எந்தச் சுத்துக் குதிரைன்னு கேட்டியா நீ? முந்தின சுத்துடா!"

எர்னிஸ் விரல் விட்டு எண்ணினான். ஐம்பத்தேழு, அதோடு பன்னிரண்டு. "அடேயப்பா! அறுபத்தொன்பது!"

மற்றவள் சட்டென்று கையை எடுத்துவிட்டாள். "தெரியாம இழுத்துட்டேன், மன்னிச்சுக்கோங்க அக்கா. பார்த்தா அறுபதுன்னுகூட யாரும் சொல்ல மாட்டாங்களே!"

பாய் கிடைத்ததைவிட இந்தப் பேச்சுத்தான் குல்பராவுக்கு அதிகம் இனித்தது. "எல்லாம் புளிச்ச குதிரைப்பால்தான்மா. தினமும் ரெண்டு கிண்ணம்."

மற்றவள் பாயைத் தானே சுருட்டிக் கயிறு கட்டி, பெரியவர்களுக்குக் கொடுப்பதுபோல் இரு கைகளாலும் நீட்டினாள். "நாளைக்கு மன்றத்துக்கு வர்றீங்களா அக்கா? பேர் என்ன?"

"குல்பரா. ஏழு மணி வகுப்பு, மாடியில."

அவள் கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். வரிசையாக இருந்த பெயர்களில் கடைசியாக இருந்த குல்பராவின் பெயரை நிதானமாக அடித்துவிட்டு, அதை வேறொரு பக்கத்தில் எழுதினாள்.

"நான்தான் அக்கா அந்த வகுப்பு ஆசிரியை, நசிரா. என் பழைய பாய் கிழிஞ்சு போச்சேன்னுதான் வந்தேன். அறுபது தாண்டினவங்களை நான் மாடிக்கு ஏத்தறதில்லை. உங்களுக்குக் கீழ்த்தளத்துல, பதினொரு மணிக்கு."

குல்பரா வாயைத் திறந்தாள். "அறுபத்தொன்பதாமே! என்ன உடம்பு பாரு!" என்று வியந்தபடி, கடைக்குள் கூடிவிட்ட ஐந்தாறு பேர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாயை மூடிக்கொண்டாள்.

நசிரா அன்போடு கை நீட்டினாள்.

"அங்கே எல்லாருக்கும் நாற்காலி அக்கா. பாயைக் குடுங்க."