சீக்கிரம் அணைகிற ரகம்

"இது எவ்வளவு லேசா அணையும்?" என்று கேட்டாள் தையல்காரி.

கடைக்காரன் உரசப்போன தீக்குச்சியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான். பதினோரு வருஷமாக அலங்கார மெழுகுவர்த்தி விற்கிறான். இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

"எவ்வளவு நேரம் எரியும்னுதான்க்கா எல்லாரும் கேப்பாங்க."

"எரியறது கெடக்கட்டும். நீங்க ஏத்துங்க."

பாதி தைத்த சட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று. திரியிலிருந்து தன் பக்கமாக முப்பத்திரண்டு அங்குலம் அளந்தாள். அந்த இடத்தில் கடைக்காரனின் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

முதலில் அன்னாசிப்பழம். தோலில் முள் முள்ளாக, தலையில் பச்சைக் கொண்டையோடு.

ஊதினாள். சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒன்றும் நடக்காததுபோல் நிமிர்ந்துகொண்டது.

அவள் ஒன்றும் பலமாக ஊதவில்லை. வாயைக் குவித்து அரை மூச்சு. அதையும் நடுவில் ஒரு தரம் அறுத்து.

"நல்லா இழுத்து ஊதுங்கக்கா, அணைஞ்சிடும்."

"அப்படி ஊதக் கூடாது," என்றாள் தையல்காரி. "அடுத்தது காட்டுங்க."

வீட்டில் காத்திருந்தவர் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார். மெழுகுவர்த்தி சாயங்காலத்துக்குள் வந்தாக வேண்டும். வெறும் வெள்ளைக் குச்சி ஆகாது; யார் வீட்டிலும் இல்லாததாக, பார்த்தால் இன்னொரு தரம் பார்க்கத் தோன்றுவதாக இருக்க வேண்டும். விலையும் கையைக் கடிக்கக் கூடாது. இதெல்லாம் அவருடைய நிபந்தனைகள். லேசாக அணைய வேண்டும் என்பது மட்டும் அவளுடையது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தொலைந்தது. ஆனால் இன்றைக்கு அது அணையாமல் நின்றுவிட்டால் மனிதர் உடைந்துபோவார். அப்புறம் அவரைத் தேற்றி எழுப்ப அவளால் ஆகாது.

ஆந்தைக்குத் திரி பருமன். மூன்று திரி போட்ட சங்கை ஏற்றவே வேண்டாம் என்றுவிட்டாள். ரோஜாக் கூடை கொள்ளை அழகு. அடியில் ஒட்டியிருந்த விலையைப் பார்த்ததும், தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல் இருந்த இடத்திலேயே வைத்தாள்.

பொம்மைக் கார் அணையவில்லை. மாதுளை அணையவில்லை. எட்டாவது மெழுகுவர்த்திக்குள் கடைக்காரன் அவளைவிட அதிகமாகக் களைத்துப்போனான். ஆளை விட்டால் போதும் என்று அவன் முகத்திலேயே எழுதியிருந்தது.

அப்போதுதான் கீழ்த்தட்டின் மூலையில் அந்த முட்டைக்கோஸைப் பார்த்தாள்.

அசல் முட்டைக்கோஸ். இலை இலையாக விரிந்து, நரம்பு நரம்பாகத் தெரிந்தது. வெளி இலையில் ஒரு சின்ன ஓட்டை, அதன் ஓரத்தில் ஒரு குண்டுப் புழு. செய்தவருக்குக் குறும்பு ஜாஸ்தி. தையல்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஐயோ, அது வேணாம்க்கா. திரி ரொம்ப மெல்லிசா போட்டுட்டாங்க. பக்கத்துல யாராச்சும் தும்முனாலே அணைஞ்சிடுது. வாங்குன ஆறு பேரும் திருப்பிக் கொண்டாந்துட்டாங்க. அதான் பாதி விலைக்குத் தள்ளிட்டிருக்கேன்."

அவள் வயிற்றில் பாலை வார்த்தான், பாவம், தெரியாமலே.

மறுபடி நாடாவைப் பிடித்து அளந்தாள். அரை மூச்சு, நடுவில் ஒரு அறுப்பு.

அணைந்தது.

ஏற்றச் சொன்னாள், ஊதினாள், அணைந்தது. மூன்றாவது தரமும் அணைந்தது. ஆறு பேர் குறை சொன்ன சரக்கை அவள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவதைக் கடைக்காரன் வாசல்வரை வந்து நின்று பார்த்தான்.

வீட்டில் கணவர் மேஜைக்கு முன்னால் தயாராக உட்கார்ந்திருந்தார். சட்டைகூட மாற்றியிருந்தார். மூக்கின் இரண்டு பக்கமும் குழாய் அழுத்திய தடம் இன்னும் சிவந்திருந்தது. ஆக்ஸிஜன் மெஷினைக் காலையில்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இனி தேவையில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். மெஷின் போன அன்றைக்கே தன் சொந்த மூச்சால் ஒரு மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட வேண்டும் என்று அவருக்குப் பிடிவாதம்.

ஒன்பது மாதமாக அந்த வீட்டில் ஒரு தீக்குச்சி கிழிக்கவில்லை. ஆக்ஸிஜன் ஓடுகிற இடத்தில் நெருப்பு ஆகாது என்று கேஸ் அடுப்பையே கொழுந்தன் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த ஒன்பது மாதமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, காதைத் தீட்டி வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். ஊரார் தோளும் இடுப்பும் அத்துப்படியானதுபோல் அவர் மூச்சின் அளவும் அவளுக்கு அத்துப்படி.

விசில் ஊதியே முப்பது வருஷம் சம்பாதித்த விளையாட்டு வாத்தியார் அவர்.

"என்னடி இது, முட்டைக்கோஸா?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறவில்லை. அவள் அதைக் கவனித்தாள்.

அவர் நாற்காலியிலிருந்து அதே முப்பத்திரண்டு அங்குலத்தில் மேஜைமேல் வைத்து ஏற்றினாள். தள்ளி நின்றாள். அவர் நெஞ்சை நிமிர்த்தி, வாயைக் குவித்து ஊதினார்.

புழுவின் தலைக்கு மேலே புகை ஒரு கோடாக எழுந்தது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சந்தேகத்தோடு அவள் பக்கம் திரும்பினார்.

"நீயும் சேந்து ஊதுனியா?"

இல்லை என்று தலையை ஆட்டினாள். வாயைத் திறக்கவில்லை.

அவர் நாற்காலியை ஒரு அடி பின்னுக்குத் தள்ளிப் போட்டுக்கொண்டார். "அப்ப மறுபடி ஏத்து."

"இருங்க," என்றாள் அவள். "மொதல்ல நான் மூச்சு விட்டுக்கறேன்."