பல் கட்டுகிறவளின் ஜெபம்

"வாயைத் திறங்க" என்றேன்.

திறந்தான். உள்ளே ஒரு பல்கூட இல்லை.

ஆண்டவரே, கேட்டதை அப்படியே செய்துவிட்டீரே!

தாவீது ராஜா தன் சத்துருக்களின் பல்லை நொறுக்கும்படி கேட்கிற இடம் சங்கீதத்தில் உண்டு. பொய் பேசுகிற வாயை அடைக்கச் சொல்கிற இடமும் உண்டு. என் புருஷன் ஜெயிலுக்குப் போன நாளிலிருந்து அந்தப் பக்கங்களைத் தவிர வேறு எதையும் நான் பிரித்ததில்லை. பல் கட்டிப் பிழைக்கிறவள் பல்லை உடைக்கச் சொல்லி ஜெபிக்கிறாளே என்று என் நாத்தனாரே சிரித்திருக்கிறாள்.

சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். கிடங்குக்குத் தீ வைத்தது என் புருஷன்தான், கண்ணால் பார்த்தேன் என்று கூண்டில் ஏறிக் கூசாமல் சொன்ன வாய் இது. அந்த நேரத்தில் அவர் காய்ச்சலில் கிடந்த என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். பெண்டாட்டி சொன்னால் யார் நம்புவார்கள்? ஒருத்தரும் நம்பவில்லை.

அளவெடுப்பது டாக்டர். செய்வதும் பொருத்துவதும் நான். யாருக்கென்று தெரியாமல் இவனுடைய பல் செட்டை நானே பார்த்துப் பார்த்து மெருகேற்றியிருக்கிறேன். எப்படிப்பட்ட பைத்தியக்காரி நான்!

அவனைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தவள் அவன் மனைவி. கோர்ட் பக்கமே வந்திராதவள். என்னை அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்தது. நாற்காலியில் சாய்ந்ததுமே முகம் வெளுத்துவிட்டது. ஒரு கையும் காலும் விழுந்துபோனவன் எழுந்து எங்கே ஓடுவான்?

பொய் சொல்ல மாட்டேன், எனக்கு மனசு குளிர்ந்தது.

செட்டை வைத்துப் பார்த்தேன். கீழ் வரிசையில் ஓர் ஓரம் ஈறில் குத்தியது. அதை அரத்தால் ராவாமல் விட்டால் போதும், சாப்பிட உட்காரும்போதெல்லாம் என்னை நினைப்பான். செட்டை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தேன். அரத்தைக் கையில் எடுக்கவில்லை.

"பல்லு வச்சா பேச்சு வந்துருமாக்கா?" என்றாள் அவன் மனைவி.

"வாதத்துல போன பேச்சா?"

"ஆமாக்கா. வக்கீல் வீட்டுப் படியிலேயே விழுந்துட்டாரு. ஆடிக்கிட்டிருந்த பல்லெல்லாம் அங்கேயே போச்சு. ஏதோ ஒரு கேஸ்ல பொய் சாட்சி சொல்லிட்டாராம், தூக்கமே வரல, போய் உண்மையைச் சொல்லிட்டு வந்துடறேன்னுதான் கிளம்பினாரு. எந்தக் கேஸு, என்ன பொய்யி, எனக்கு ஒண்ணும் தெரியாது. இப்ப எழுதவும் வரல. தலையாட்டுறதுகூட ஆமாங்கிறதுக்கு இல்லைன்னு ஆட்டுறாரு."

எந்தக் கேஸ் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கும் மண்டியிட்டுத்தான் இருந்தேன். என்றைக்கு இல்லை? அவன் அந்தப் படியில் கால் வைத்தபோதும், அந்த வாயை அடைத்துப் போடும் என்றுதான் நான் அழுதுகொண்டிருந்திருப்பேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். அப்பீலுக்கு எங்களுக்கு இருந்தது அந்த ஒரு வாய்தான்.

அரத்தை எடுத்தேன். குத்திய ஓரத்தை ராவினேன். விரலால் தடவிப் பார்த்து மறுபடியும் ராவினேன். பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு பொறுமையாகச் செய்திருக்க மாட்டேன்.

செட்டைப் பொருத்தியதும் ஏதாவது ஒரு வார்த்தையைச் சொல்லச் சொல்வது எங்கள் வழக்கம். காற்று எங்கே கசிகிறது என்று அதில் தெரிந்துவிடும்.

அவன் காதருகே குனிந்தேன். என் புருஷன் பெயரைச் சொன்னேன்.

"இதைச் சொல்லுங்க."

அவன் கண் நிறைந்து வழிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. தாடை அசைந்தது. நான் கட்டிய பல் இம்மியும் பிசகாமல் உட்கார்ந்திருந்தது. வெறும் காற்றுதான் வந்தது.

"இன்னொரு தடவை" என்றேன்.