மூன்றாவது ஊர்

டிராவல்ஸ் அலுவலகத்துப் பெண் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். "கப்பல்ல கீழ்த்தளத்துல, நட்ட நடுவுல ரூம் எடுங்க மேடம், ஆட்டம் தெரியாது. வாந்தி மாத்திரை கைப்பையிலேயே இருக்கட்டும். முக்கியமா, வழியில ஊர் பார்க்க இறங்கினா நேரத்துக்குத் திரும்பிடுங்க. கப்பல் யாருக்காகவும் நிக்காது."

"நிஜமாவா?" எதிரே இருந்த அம்மாள் நிமிர்ந்தாள். "வீட்டுக்காரர் ஏறலைன்னாலும் கிளம்பிடுமா?"

"கிளம்பிடும்."

"அப்ப மூணாவது ஊர்ல அவரை ஒரு கடையில உட்கார வச்சிட்டு நான் மட்டும் ஏறிக்கறேன். முப்பது வருஷமா அந்தக் குறட்டையைக் கேட்டாச்சு, போதும்டா சாமி!"

பெண்ணுக்குத் தூக்கிவாரிப்போட்டது. விளையாட்டோ என்று பார்த்தாள். அம்மாள் முகத்தில் சிரிப்பே இல்லை. பயணத் தாளில் மூன்றாவது ஊரை அழுத்தி வட்டமிட்டுவிட்டு, இருவர் பாஸ்போர்ட்டையும் நீட்டினாள்.

கணவரின் போட்டோவைப் பார்த்ததும் பெண்ணுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. காலையில் இதே நாற்காலியில் உட்கார்ந்து, "சம்சாரம் ஏறலைன்னாலும் கப்பல் கிளம்பிடுமா?" என்று கேட்டவர் அவர்தான்.

அவர் வட்டமிட்டுவிட்டுப் போனது இரண்டாவது ஊரை.