முப்பத்தெட்டு முட்டிகள்

வெஸ்லியின் வலது முட்டி தரையைத் தொட்டதுதான் தாமதம், சுற்றி நின்ற பத்தொன்பது பேரும் தொப்பென்று மண்டியிட்டார்கள்.

மொத்தம் முப்பத்தெட்டு முட்டிகள். அவற்றில் மூன்று, அறுவை சிகிச்சையில் மாற்றி வைத்தவை.

அவன் ஒரு காலை மட்டும்தான் மடித்திருந்தான். கல்யாணத்துக்குக் கேட்க அதுதான் முறை. மற்றவர்கள் இரண்டு காலையும் மடித்து, கழுத்தில் தொங்கிய பூதக்கண்ணாடிகளைக் கண்ணில் ஒட்டி, பின்புறத்தை வானத்துக்குக் காட்டியபடி, அவன் முட்டியருகே எதையோ துருவிக்கொண்டிருந்தார்கள்.

தப்பு அவனுடையதுதான்.

காட்டுப்பூச் சங்கத்தில் யாரும் சும்மா குனிவதில்லை. குனிந்தால் பூ கிடைத்துவிட்டது என்று அர்த்தம். ஷூ நாடா அவிழ்ந்தால்கூட, "பூ இல்லை, நாடா" என்று உரக்க அறிவித்துவிட்டுத்தான் குனிவார்கள். கோராவைப் பார்ப்பதற்காகவே இரண்டு வசந்தங்களாகச் சனிக்கிழமைதோறும் இவர்கள் பின்னால் நடந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். டயர் கடையில் நாலு சக்கரத்தையும் வரிசை மாறாமல் கழற்றி மாட்டுகிற அதே மூளைதான், முக்கியமான நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டது.

சங்கத்தின் சராசரி வயது எழுபத்தொன்று. கோரா வந்து சேர்வதற்கு முன் எழுபத்து மூன்று.

ஏப்ரல் கடைசி. ஒஹாயோவின் அந்தச் சரிவு முழுக்க டிரில்லியம் பூக்கள் வெள்ளையாய்ப் பூத்துக் கிடந்தன. மேலே மரங்கள் இன்னும் இலை விடவில்லை. இலை விட்டு நிழல் விழுவதற்குள், கிடைக்கிற இரண்டு வார வெயிலில் பூத்து முடித்துவிட வேண்டும் என்பது இந்தப் பூக்களின் அவசரம்.

வெஸ்லிக்கும் ஏறக்குறைய அதே அவசரம். ஜூன் மாதம் கோரா வேலை கிடைத்து ஓரிகானுக்குப் போகிறாள். நாட்டின் அந்தக் கோடி. அதற்குள் கேட்டாக வேண்டும். அவள் சரி என்றால், டயர் கடையை அன்றைக்கே விட்டுவிட்டு அவளோடு கிளம்பிவிடுவான்.

எல்லார் முன்னாலும் கேட்டால் கைதட்டுவார்கள், கீழே பூங்கா மேசையில் ஆளுக்கொரு பாத்திரமாய்க் கொண்டுவந்து மூடிவைத்திருக்கும் மத்தியான விருந்தைக் கல்யாணச் சாப்பாடாகவே சாப்பிடுவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தான்.

இப்போது கோட்டுப் பைக்குள் போன கை, மோதிரப் பெட்டியைப் பிடித்தபடி பைக்குள்ளேயே நின்றது. எதிரே கோராவும் மண்டியிட்டிருந்தாள். அவள் தொப்பியின் விளிம்பு அவன் மூக்கில் இடித்தது.

"கோரா," என்றான் மெதுவாக.

"ஷ்ஷ். அசையாத."

சுற்றிலும் ஒரே குசுகுசுப்பு.

"அடடா, இங்க பாரு, இங்க பாரு."

"ஆர்லீன், கொஞ்சம் நகரேன். உன் தொப்பி நிழலு மொத்தமா மேல விழுது."

"உன் தொந்திய நீ முதல்ல நகத்து."

சரி, பார்த்து முடிக்கட்டும் என்று காத்திருந்தான் வெஸ்லி. சங்கத்தார் ஒரு பூவுக்கு ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்வார்கள். அபூர்வமான பூ என்றால் பதினைந்து. முட்டியில் ஈரம் ஏறியது. மனப்பாடம் செய்த இரண்டு வாக்கியங்களில் ஒன்று மறந்துபோனது. மிச்சமிருந்ததில் 'ஆகவே' என்று ஒரு வார்த்தை வந்தது. எதற்கு ஆகவே என்பது மறந்துபோன வாக்கியத்தில் இருந்தது.

அப்படி என்னதான் பூ என்று அவனும் கீழே பார்த்தான்.

சருகு.

இன்னொரு சருகு. ஓர் ஓக் கொட்டையின் மூடி. அவனுடைய முட்டி.

வேறு எதுவும் இல்லை. இருக்கவும் முடியாது. பூவை மிதித்தால் கோரா ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டாள் என்று பயந்து, அந்தச் சரிவிலேயே பூ இல்லாத ஒரே இடமாகத் தேடிப்பிடித்துத்தான் அவன் மண்டியிட்டிருந்தான்.

முப்பதடி தூரத்திலிருந்தே பூவின் பெயரையும் குடும்பத்தையும் சொல்லிவிடுகிற பத்தொன்பது பேர், ஒன்றுமே இல்லாத தரையைப் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருமே அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆர்லீன் பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமல், அவன் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"உன் பை உப்பியிருக்கறத கோரா காலையிலயே பாத்துட்டா, கண்ணு. காரை விட்டு எறங்கினதுமே எங்ககிட்ட வந்து கேட்டுக்கிட்டா. அவன் மண்டி போட்டா நீங்களும் போட்டுடுங்கன்னு. இத்தனை பேர் முன்னாடி உன்கிட்ட முடியாதுன்னு சொல்ல அவளுக்கு மனசு வரல."

வெஸ்லி பையிலிருந்து கையை எடுத்தான். வெறும் கைதான். ஏதாவது செய்ய வேண்டுமே என்று அவனும் குனிந்து சருகைப் பார்த்தான். நல்ல சருகு.

கண்டெடுத்ததையெல்லாம் எண்ணிக்கையோடு எழுதி வைப்பது கிழவர் ஹார்லனின் வேலை. நாடகம் அரைகுறையாக இருக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, குறிப்பேட்டைத் திறந்து பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

"எத்தனைன்னு போடறது?"

தொப்பிகள் தரையை நோக்கி இன்னும் கொஞ்சம் தாழ்ந்தன.

"ஒண்ணுதான்," என்றான் வெஸ்லி. "அதுவும் இப்ப எழுந்திரிச்சிடும்."

அவன் எழுந்தான். பிறகு, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு, பதினெட்டு பேர் எழுந்தார்கள்.

கோரா மட்டும் இன்னும் அந்தச் சருகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.