தாவணியாகப் போட்ட துண்டு

ராஜபாளையத்தில் ஒரு பள்ளி வகுப்பறை. விற்கப்பட்ட சிறுமிகளை மீட்டால் எப்படி விசாரிப்பது என்று போலீசுக்கும் நர்சுக்கும் வக்கீலுக்கும் பயிற்சி நடக்கிறது. பம்பாயில் மீட்ட ஒரு பிள்ளை நாளை ரயிலில் வருகிறாள். அவளை விசாரிக்கப் போவதும் இவர்கள்தான். இன்றைய ஒத்திகையில் அவளாக நடிக்க எந்தப் பெண்ணும் சம்மதிக்கவில்லை, ஊர் பேசுமாம். அதனால் ஏட்டு தனுஷ்கோடி துண்டைத் தாவணியாகப் போட்டுக்கொண்டு சுவரோரப் பெஞ்சில் உட்காருகிறார். “என்ன தாயி, மீசைய மழிக்க மறந்துட்டியா?” என்கிறார் வக்கீல் சங்கரலிங்கம். அறையே சிரிக்கிறது. பிறகு கேள்விகள் தொடங்குகின்றன. இன்ஸ்பெக்டர் கேட்டதையே நர்ஸ் தங்கபாய் கேட்கிறார், அதையே வக்கீலும் கேட்கிறார். பதில் சரியாகக் கேட்கவில்லை என்று நாற்காலிகள் முன்னே நகர்கின்றன. மின்விசிறி கடகடக்கிறது. ஜன்னல் வெயிலில் சாக்பீஸ் தூசி அலைகிறது. “கத்தியிருக்கலாம்லா? ஏன் கத்தல?” என்கிறார் இன்ஸ்பெக்டர். ஏட்டின் விரல்கள் துண்டின் நுனியை முறுக்குகின்றன. கண்கள் கதவைத் தேடுகின்றன; நடுவில் முழங்கால்களும் நாற்காலிகளும். இப்போது யாரும் சிரிக்கவில்லை. “போதும் ஏட்டையா, எந்திரிங்க,” என்கிறார் தங்கபாய். ஏட்டு எழவில்லை. “செத்த தள்ளி உக்காருங்கம்மா. நாளைக்கு அந்தப் பிள்ளையயும் இப்படித்தான் சுத்தி உக்காரப் போறோமா?” ஒரு நாற்காலியும் பின்னே நகரவில்லை.