தாத்தாக்களின் வரிசை

"சும்மா முறைக்காம இன்னொரு தடவை சொல்லுங்க தலைவரே. உங்க தாத்தா பேரு?" என்றான் டிரைவர் ஷிர்வா.

"அவன் ரூப்லே குலத்துக்காரன். எனக்கு எப்படிய்யா தாத்தா ஆவான்?" என்று சீறினார் கர்ஷே.

கர்ஷே வர்சமே குலம். குலங்களுக்குள் சமாதானம் செய்யும் துறைக்குப் புது அமைச்சர். மாலைத் தொழுகைக்குள் கால்கயோ நகரம் போய்ச் சேர்ந்தால் பதவிப் பிரமாணம். தவறினால் நாற்காலி மச்சானுக்கு. நடுவழியில் ரூப்லே ஆட்கள் கயிறு கட்டி வண்டிகளை மறித்து, குலத்தைச் சோதிக்கத் தாத்தாக்களின் பெயர்களை வரிசையாக ஒப்பிக்கச் சொல்கிறார்கள். வர்சமே என்று தெரிந்தால் பிரமாணம் கிடையாது, ஜனாஸா நல்லடக்கம்தான்.

"எட்டுத் தலைமுறையா தலைகுனியாத வம்சம்னு நேத்துதான் மேடையில முழங்கினேன்."

"குனியறதுக்கும் நிமிர்றதுக்கும் முதல்ல தலை இருக்கணும்ல?"

கர்ஷே ரூப்லே தாத்தாக்களின் பெயர்களை முணுமுணுக்க ஆரம்பித்தார்.

கயிற்றருகே வண்டி நின்றது. மருதாணிச் சிவப்புத் தாடியும், தோளில் துப்பாக்கியும், கன்னத்தில் அடக்கிய காத் போதை இலையுமாக ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"எந்தக் குலம்?"

"ரூப்லே."

"இந்த வழியில வர்றவன் பூரா ரூப்லேதான். தாத்தா வரிசையை எடுத்து விடுங்க."

"நான் தாஹிர். அப்பா நூர். அவருக்கு அப்பா எகால். அப்புறம் பூதலே, ஹிர்சி, சமந்தர்..." வியர்வை கண்ணில் இறங்க, ஒரே மூச்சில் குலத்தின் முதல் தாத்தாவான ரூப்லே வரை ஏறி முடித்தார் அமைச்சர்.

தாடிக்காரர் விரல்விட்டு எண்ணினார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார். ஷிர்வாவின் கை கதவுப் பிடிக்குப் போனது.

"நம்ம ரத்தம்டா!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினார் தாடிக்காரர். கயிறு இறங்கியது.

கர்ஷேவின் நெஞ்சு உடனே நிமிர்ந்தது. "பரம்பரைய்யா! தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்!"

தாடிக்காரர் ஜன்னலுக்குள் தலையை நுழைத்து, குரலைத் தாழ்த்தினார்.

"கிழிச்சீங்க. சமந்தருக்கு அடுத்த தாத்தாவை விட்டுட்டீங்க. நீங்க வர்சமேதானே? பயப்படாதீங்க, நானும் வர்சமேதான். இங்க வேலைக்குச் சேர ரெண்டு மாசம் உருப்போட்டேன்."

"அட! மத்தவங்களுக்குத் தெரிஞ்சா?"

"எங்க தெரியப்போவுது?" என்றார் தாடிக்காரர். "கயிறு பிடிக்கிறவன்லேருந்து எங்க தளபதி வரைக்கும் எல்லாருமே அந்தத் தாத்தாவை விட்டுட்டுத்தான் சொல்றாங்க."